கல்யாணம் முடிஞ்சதும் வந்து கூட்டிக்க

“காய்ச்சல் நிக்கலைன்னா என்னையும் ஊருக்கு அனுப்பிடுவியாம்மா?”

என் மகள் இதைக் கேட்டு நான்கு மாதம் ஆகிறது. அவளுக்கு ஆறு வயது. அன்று வந்தது சாதாரணக் காய்ச்சல்தான், மூன்றாம் நாள் இறங்கிவிட்டது. நான் அப்போது ஈரத் துணியைப் பிழிந்து அவள் நெற்றியில் போட்டுக்கொண்டிருந்தேன். “அப்படியெல்லாம் பேசக் கூடாது” என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதற்குப் பிறகு உடம்புக்கு முடியவில்லை என்றால் அவள் என்னிடம் சொல்வதில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் போன் செய்த பிறகுதான் அவளுக்கு உடம்பு கொதிப்பது எனக்குத் தெரிந்தது. காலையில் தலை பின்னிவிட்டபோதே சுட்டிருக்க வேண்டும். நான் கவனிக்கவில்லையா, அவள் தலையை நகர்த்திக்கொண்டாளா, தெரியவில்லை.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சேலம் அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரீஷியன். நான் கணக்கில் எம்.எஸ்சி. முடித்து பி.எட்.டும் படித்துவிட்டு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். அவருடைய ஊர் கெங்கவல்லிக்குப் பக்கம். நான் பிறந்தது வெண்ணந்தூர். எட்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் குடிவந்தபோது எங்கள் தெருவில் பதினெட்டு வாசல் இருந்தது. இப்போதும் வாசல் பதினெட்டுதான். ஆனால் ஒவ்வொரு வாசலுக்குள்ளும் மூன்று குடும்பம், நான்கு குடும்பம். கூடத்தை மறித்து போர்ஷன் ஆக்கினார்கள். மொட்டை மாடியில் தகரம் போட்டு ரூம் எடுத்தார்கள். மாடு கட்டிய இடத்தில்கூட இரண்டு பேர் ஸ்டவ் வைத்துச் சமைக்கிறார்கள். தண்ணீர் விடுகிற நாளில் குடங்களைத் தாண்டி வண்டி எடுக்க முடியாது.

எங்கள் போர்ஷனும் முன்பு தறிக்கூடம்தான். ஹாலின் நடுவில் தறிக்குழியை மூடிய இடத்தில் மட்டும் சிமென்ட் வேறு நிறமாகத் தெரியும். அதன் மேல்தான் என் மாமனாரின் கட்டில் கிடந்தது.

மாமியார் இறந்த பிறகு அவர் ஊரில் தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. பக்கத்து வீட்டில் ஆள் இருந்திருந்தால் உடனே தெரிந்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள், எதிர்வீடு கோயம்புத்தூரில். கண் மங்கிப்போன பெரியம்மா ஒருவர் மட்டும் தெருக்கோடியில் இருந்தார், என் கணவருடைய பெரியப்பாவின் மனைவி. அவர் மதியம் மோர் கொண்டுவந்தபோதுதான் மாமனார் கீழே கிடப்பது தெரிந்திருக்கிறது. அதன் பிறகு அவரை எங்களோடு கூட்டிவந்துவிட்டோம். இரண்டு வருடம் எங்களுடன் இருந்தார்.

அவருக்கு ஒரு பழக்கம். காலையில் கைத்தடியோடு கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு போகிற வருகிற எல்லோரையும் “எந்த ஊரு?” என்று கேட்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். சிட்டியில் யாரும் யாரையும் அப்படிக் கேட்பதில்லை என்று சொல்லியும் பார்த்தேன். “ஊரைக் கேட்டா என்னம்மா, சொத்தையா கேட்டேன்?” என்றார். ஆறு மாதத்தில் தெரு முழுவதும் அவருக்கு மனப்பாடம். ரெண்டாவது வீடு தர்மபுரி. மாடி ரூம் விழுப்புரம். கோடி வீட்டில் ஆறு பேர் பீகார்.

“பீகார்னா ஆத்தூருக்கு அந்தாண்டையாப்பா?” என்று ஒருநாள் அவர் கேட்க, அந்தப் பையன்கள் சிரித்துக்கொண்டே, “ஆமா தாத்தா, கொஞ்சம் தூரம்” என்றார்கள். அடுத்த நாளிலிருந்து போகும்போது அவர்களே அவரைப் பார்த்து “எந்த ஊரு?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். என் மகள் இதைப் பாட்டுப் போலச் சொல்லக் கற்றுக்கொண்டாள். இத்தனை வாசலில் இந்த ஊர்க்காரர்கள் என்று இருந்தது எங்கள் வீட்டுக்காரம்மாவும் இன்னும் இரண்டு குடும்பமும்தான்.

சிறுநீரகம் கெட்டுப்போய் மாமனார் படுத்தது போன வருடம். பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். டாக்டர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கேக்கறதக் குடுங்க. ரெண்டு நாளோ மூணு நாளோ” என்றார். நாங்களும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அதே கட்டிலில் படுக்க வைத்தோம்.

அன்று மதியமே வீட்டுக்காரம்மா வந்தார். கணவர் இல்லாதவர். வாடகையையும் ஒரே மகளையும் வைத்துக் காலத்தை ஓட்டுகிறவர். கையில் மஞ்சள் அப்பியிருந்தது, கழுவாமல் அப்படியே வந்திருந்தார். உள்ளே வராமல் நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றார்.

“தப்பா எடுத்துக்காத கண்ணு. பெரியவருக்கு எப்படி இருக்குது?”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்கம்மா.”

“வீட்டுக்குன்னா உங்க ஊருக்குத்தான சொல்லியிருப்பாங்க?”

நான் திரும்பிக் கட்டிலைப் பார்த்தேன்.

“நாளான்னைக்கு முகூர்த்தக்கால் நடறோம். ஒரே கேட்டு, ஒரே வாசல். கால் நட்டதுக்கப்புறம் இந்த வாசல்ல ஒண்ணு ஆச்சுன்னா...” கன்னத்தில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் மஞ்சள் ஒட்டியது. “மாப்பிள்ள வீட்டுல ஏற்கெனவே ரெண்டு தடவ தள்ளிப்போட்டுட்டாங்க. மூணாவது தடவ தள்ளினா அது கல்யாணமே இல்ல, உனக்கே தெரியும். ஒங்கள நான் காலி பண்ணச் சொல்லல. கல்யாணம் முடியறவரைக்குந்தான் கேக்கறேன்.”

அவர் பேச்சில் கோபமே இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவர் போன பிறகுதான் யோசித்தேன். இந்த எட்டு வருடத்தில் எங்கள் தெருவில் ஒரு சாவுப் பந்தல்கூட நான் பார்த்ததில்லை. இத்தனை பேர் இருக்கிறோம், ஒரு பறைச் சத்தம் கேட்டதில்லை. மாடி ரூம் விழுப்புரத்துப் பாட்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஒரு வேன் வந்தது. தர்மபுரிக்காரர்களின் அப்பாவும் அப்படித்தான் போனார். வாடகை வீட்டு வாசலில் யாரையும் கிடத்தக் கூடாது. ஒருமுறை கிடத்திவிட்டால் அந்தப் போர்ஷனுக்கு அடுத்து ஆள் வர மாட்டார்கள். யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். சிட்டியில் ஜனத்தொகை கூடிக்கொண்டே போகிறது என்று பேப்பரில் போடுகிறார்கள். கூடாமல் என்ன செய்யும்? குறைவதையெல்லாம் நாங்கள் ஊரில் கொண்டுபோய்க் குறைத்துக்கொள்கிறோம்.

கணவருக்கு போன் செய்தேன். ஷிப்டில் இருந்தார், பின்னால் மிஷின் இரைச்சல். “நீயே முடிவு பண்ணு. நாள் முழுக்கப் பாத்துக்கறது நீதான” என்றார். அவர் அதை என் மேல் சுமத்தவில்லை, என்னை மதித்துத்தான் சொன்னார். இருந்தாலும் முடிவு என்னுடையதாகிவிட்டது.

மறுநாள் காலை ஆம்னி வேன் சொன்னோம். பின் சீட்டை மடக்கி மெத்தை விரித்து அவரைப் படுக்க வைத்தோம். கோடி வீட்டு பீகார் பையன்கள்தான் தூக்கிவந்தார்கள். கணவர் முன்னால் உட்கார்ந்தார். நானும் மகளும் மாமனாரின் காலடியில். வாழப்பாடி தாண்டும்வரை மாமனார் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு கேட்டார்.

“எங்கம்மா போறோம்?”

“ஊருக்கு மாமா. அங்க காத்து நல்லா இருக்கும்.”

“யாரு இருக்கா அங்க?”

“பெரியம்மா இருக்காங்கல்ல.”

“அண்ணிக்கே கண்ணு தெரியாது. என்னை யாருன்னு கேப்பாங்க.” சிரிக்கப் பார்த்து இருமினார். கொஞ்ச நேரம் கழித்து, “கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும். அந்தம்மா பாவம். முடிஞ்சதும் வந்து கூட்டிக்க” என்றார்.

வீட்டுக்காரம்மா பேசியதைக் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கிறார்.

“சரிங்க மாமா” என்றேன். என் மகள் அவர் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஊரில் பூட்டியே கிடந்த வீட்டைத் திறந்து கூட்டினேன். தெருவில் எங்கள் வீட்டையும் பெரியம்மா வீட்டையும் தவிர எல்லாம் பூட்டு. முதல் மூன்று நாள் நாங்கள் மூவரும் அவரைச் சுற்றியே உட்கார்ந்திருந்தோம். எதற்காக என்று சொல்ல வாய் கூசுகிறது. நான்காம் நாள் காலையில் அவர் கஞ்சி கேட்டார். ஐந்தாம் நாள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். என் கணவர் வெளியில் போய் அழுதார். சந்தோஷத்தில்தான். எனக்கும் சந்தோஷம்தான், ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் இருந்தது. மகளுக்கு எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகிறது, டியூஷன் பிள்ளைகளின் பெற்றோர் வேறு இடம் பார்த்துவிடுவார்களோ என்ற நினைப்பு. பாலைக் காய்ச்சிக்கொண்டே இதையெல்லாம் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் நானும் மகளும் சேலம் திரும்பினோம். அவரைக் குளிப்பாட்டிச் சாப்பாடு கொடுக்க ஊரில் ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தோம். கணவரும் வேலைக்கு வந்துவிட்டார். மறுநாள் வீட்டுக்காரம்மா மகள் கல்யாணம். நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதை என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்ததும் ஹால் பெரிதாகிவிட்டது. அதுவரை எட்டுப் பிள்ளைகளைத்தான் டியூஷனுக்குச் சேர்க்க முடிந்தது, அதுவும் கட்டிலுக்கு அடியில் காலை நீட்டிக்கொண்டு எழுதுவார்கள். அந்த வாரம் மூன்று பேர் புதிதாக வந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் மூன்று. தெருவில் குடும்பம் கூடக் கூடப் பிள்ளைகளும் கூடுகிறார்கள், அம்மாக்கள் கெஞ்சுகிறார்கள், இல்லை என்று சொல்ல எனக்கு வருவதில்லை. சிமென்ட் வேறு நிறமாக இருக்கும் அந்த இடத்தில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு சொன்னார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. படித்த படிப்புக்கு முதல்முறையாக ஒரு வகுப்பு கிடைத்தது போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஊருக்குப் போனோம். ஆத்தூரில் பஸ் மாறி, இறங்கி நடக்க வேண்டும். முதல் ஞாயிறு போனபோது அவர் கட்டிலின் தலைமாட்டில் மஞ்சள் பை ஒன்று கட்டி வைத்திருந்தது. இரண்டு வேட்டி, ஒரு துண்டு, மாத்திரை டப்பா, மூக்குக்கண்ணாடி.

“கல்யாணம் நல்லா நடந்துச்சாம்மா?”

“நடந்துச்சு மாமா.”

“சாப்பாடு?”

“நல்லா இருந்துச்சு மாமா.”

அவர் பையைப் பார்த்தார். நான், “பாப்பாவுக்கு இந்த வாரம் பரீட்சை. அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறோம்” என்றேன். பரீட்சை இருந்தது உண்மைதான். ஒன்றாம் வகுப்புப் பரீட்சைக்குத் தாத்தா ஊரில் இருக்க வேண்டியதில்லை என்பதும் உண்மைதான்.

இரண்டாவது ஞாயிறும் பை கட்டியிருந்தது. வேன் கிடைக்கவில்லை என்றேன். நான் வேனுக்குச் சொல்லவே இல்லை. மூன்றாவது ஞாயிறும் பை இருந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. ரெண்டாவது வீட்டு தர்மபுரிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்தார். மகள்தான் பதில் சொன்னாள், “அவங்க காலி பண்ணிட்டாங்க தாத்தா. இப்ப அரூர்க்காரங்க வந்திருக்காங்க. நானே கேட்டேன்.” அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அரூரா? நல்ல ஊரு” என்றார்.

நான்காவது ஞாயிறு போனபோது பை அங்கே இல்லை. வேட்டியும் துண்டும் துவைத்துக் கொடியில் கிடந்தன. மாத்திரை டப்பா மாடத்தில் இருந்தது. யார் எடுத்து வைத்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் எங்களைப் பார்த்து, “வெயில்ல ஏம்மா பிள்ளையத் தூக்கிட்டு வாரம் வாரம் அலையறீங்க?” என்றார். குரலில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெரியம்மா போன் செய்தார். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

அன்று ஊர்த் தெருவில் எல்லா வீட்டுப் பூட்டும் திறந்தது. திருப்பூர், கோயம்புத்தூர், சேலம் என்று எங்கிருந்தெல்லாமோ கார் வந்தது. நிறுத்த இடமில்லாமல் மரவள்ளிக் காட்டு ஓரம் வரை நின்றது. அத்தனை பேரும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி சொன்னார்கள். “கடைசிக் காலத்துல சொந்த வீட்டுல கொண்டாந்து விட்டியே, எந்த மருமக செய்வா?” ஒரு சித்தி, “குடுத்து வெச்ச மனுசன்” என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் தலையாட்டினேன். எல்லோருக்கும் முன்னால் மறுத்துச் சொல்லியிருக்க வேண்டுமோ? சொல்லியிருந்தால் யாருக்கு என்ன நன்மை? பொழுது சாய்வதற்குள் கார்கள் கிளம்பிவிட்டன. பூட்டுகள் திரும்பவும் ஏறின.

காரியம் முடிந்து சேலம் வந்த அன்று வீட்டுக்காரம்மா கேட்டைத் திறந்துவிட்டார். முகூர்த்தக்கால் நட்ட இடத்தில் குழி இன்னும் சரியாக மூடாமல் இருந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் கல்யாணம் வரைக்குந்தான கண்ணு கேட்டேன்” என்றார் அவர். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “அப்பறம் நீ கூட்டிட்டு வந்துடுவன்னு தெனம் கேட்டுப் பக்கமே பாத்துட்டு இருந்தேன். எம்மேல கோவத்துல விட்டுட்டியோன்னு, கேக்கவும் பயமா இருந்துச்சு. வந்திருந்தா வந்திருக்கட்டுமே. போர்ஷன் சும்மா கெடந்தா கெடந்துட்டுப் போகுது.”

அவர் உண்மையாகத்தான் சொன்னாரா, எல்லாம் முடிந்த பிறகு சொல்வது எளிதாக இருந்ததா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் அதுவரை நான் பிடித்துக்கொண்டிருந்தது அவரைத்தான். வீட்டுக்காரம்மா விடவில்லை, அதனால்தான் மாமாவை அனுப்பினோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பிடியும் அன்றைக்குக் கழன்றுவிட்டது. என் மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வேனில் பார்த்த அதே பார்வை. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும்.

அதற்கடுத்த மாதம்தான் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

இப்போது இன்னொன்று. என் அம்மா வெண்ணந்தூரில் தனியாக இருக்கிறார். அப்பா இல்லை, நான் ஒரே பெண். போன வாரம் நெஞ்சு வலி வந்து பார்த்ததில், இனி தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறார். “உங்க ஊட்டுல எடம் எங்க சாமி? அத்தன பிள்ளைங்க படிக்குது. வேணும்னா ஒரு வாரம் வாரேன், இருந்துட்டுப் போறேன்” என்றார் போனில். பிறகு அவரே, “அப்படியே வந்தாலும் எனக்கு ஒண்ணுன்னா உன்ற மாமனாரக் கொண்டாந்து உட்ட மாதிரி என்னையும் நம்ம ஊட்டுக்கே கொண்டாந்துரு. அதுதான் சாமி எனக்கு வேணும்” என்றார். அம்மா நிஜமாகவே அதைத்தான் விரும்புகிறாரா, எனக்காகச் சொல்கிறாரா? கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும் என்று மாமாவும் இப்படித்தான் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பக்கத்தில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்த மகள் பென்சிலை வைத்துவிட்டாள்.

இரண்டு நாளாக மடக்கி வைத்த கட்டிலை விரிப்பதும் திரும்ப மடக்குவதுமாக இருக்கிறேன். விரித்தால் ஆறு பிள்ளைகளை நிறுத்த வேண்டும். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டேன் என்று நினைக்கிறேன். பயம் அதில் இல்லை.

இதைப் படிக்கிறவர்களில் என்னைப் போல நெருக்கமான தெருவில், வாடகை வீட்டில், வயதானவர்களை வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். கடைசி நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்? வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே பேசினீர்களா, எந்த வார்த்தையில் பேசினீர்கள்? பெரியவர்களிடமே கேட்டீர்களா, அவர்கள் சொன்னதை நம்பினீர்களா? அம்மாவைக் கூட்டிவருவதற்கு முன்பு என் மகளிடம் என்ன சொல்ல வேண்டும்? “அனுப்ப மாட்டேன்” என்று சொல்லிப் பார்த்தேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். தாத்தாவிடம் “சரிங்க மாமா” என்று நான் சொன்னபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் திரும்பவும் உடம்பு சுடும்போது என்னிடம் வந்து சொல்ல நான் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். சின்ன யோசனையாக இருந்தாலும் பரவாயில்லை.